கீழ்வீட்டுக் கோப்பைகள்

பெட்டி மட்டும்தான் கிடைத்தது.
பீல் நகரத்துப் பழைய சாமான் கடையில்
பனிச்சறுக்குச் சப்பாத்துகளுக்குப் பின்னால்,
முப்பது பிராங்குக்கு.
பன்னிரண்டு அங்குலக் கூம்பு, நான்கு ஓம்,
முதுகில் இரண்டு திருகாணி.
அம்பிளிபயர் இல்லை.

பேச்சுக் கொடுத்தாலும் பதில் சொல்லாத சம்பந்தி மாதிரி
மூன்று கிழமை வரவேற்பறையில் இருந்தது.
நிமலரூபன் அதன்மேல் உடுப்புக் கூடையை வைத்தார்.
"நல்ல முக்காலி" என்றார்.

கடை கடையாகப் போனேன்.
ஆயிரம் வாட்ஸ் என்று அட்டையில் தடித்த எழுத்து,
"உச்சத்தில்" என்று அதன் காலடியில் எறும்பெழுத்து.
கலியாண வீட்டு வாட்ஸ் எனக்கு வேண்டாம்,
மறுநாள் அண்டா கழுவுகிற வாட்ஸ் எத்தனை
என்று கேட்கப் பிரெஞ்சில் சொல் இல்லை.
ஜெர்மனில் அதைவிட இல்லை.
"ஆர்.எம்.எஸ்.?" என்றேன்.
கடைப் பொடியன் யானிக் நிமிர்ந்து பார்த்தான்.

பெரிய அம்பிளிபயர்தான் ஸ்பீக்கரைக் கொல்லும்
என்று நினைத்திருந்தேன்.
"கொல்வது சின்னது" என்றான்.
பற்றுச்சீட்டின் பின்பக்கம் ஒரு அலை கீறினான்,
அலைக்குமேல் ஒரு கூரை.
சக்தி காணாவிட்டால் அலை கூரையில் முட்டும்,
உச்சி தட்டையாகும்,
கூம்பு அந்த இடத்தில் மூச்சுப் பிடித்து நிற்க
உள்ளே சுருள் சூடாகிச் சூடாகிக்
கருகும்.

காலை ஆறுக்குக் கைக்கடிகாரத் தொழிற்சாலை,
மாலை ஆறுக்குப் பள்ளிக்கூடம் கூட்டித் துடைப்பது.
அந்தத் தட்டை உச்சியை
எனக்கு யாரும் கீறிக் காட்டத் தேவையில்லை.
சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

ஆனால் எங்கள் கட்டடத்தில்
இரவு பத்துக்குப் பிறகு குழாய்த் தண்ணீரும்
அடக்கமாகத்தான் விழ வேண்டும்.
கீச்சுக் குரல் கதவோடு நின்றுவிடும்.
இருபத்தைந்து ஹேர்ட்ஸ் கதவைத் தட்டாது,
தரைக்குள் இறங்கிப் போய்
மதாம் ரொஸ்லேயின் கட்டிலில் உட்காரும்.
ஆகையால் ஒரு தட்டுப் பற்றிஸோடு கீழே போனேன்.
"வாங்குவதற்கு முன்னால் எனக்குக் காட்டுங்கள்" என்றார் மதாம்,
சேலையைப் பற்றிச் சொல்வதுபோல.

சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி.
யானிக் நம்பித் தந்த இரண்டு அம்பிளிபயரும் மேலே, என்னோடு.
நிமலரூபன் கீழே, மதாமின் குசினியில்,
காதில் கைபேசியோடு.
திரையில் ஒரு திமிங்கிலம்
படகுக்கு அடியால் திரும்புகிறது.

முதலாவது, நூற்றிருபது வாட்ஸ். கோடு மூன்று.
"ஒண்டும் இல்லை."
ஐந்து.
"தேத்தண்ணி ஊத்துறா."
ஏழு. சிவப்பு விளக்குத் துடித்தது.
திமிங்கிலம் தகரத்தால் செய்ததுபோல் திரும்பியது.

இரண்டாவது, ஐந்நூறு.
கறுப்பு, மினுக்கம் இல்லை, நல்ல பாரம்.
குமிழைக் கொஞ்சம்தான் திருப்பினேன்.
காதுக்கு ஒன்றும் வரவில்லை.
முழங்காலுக்குக் கீழே
கடல் வந்தது.

"கோப்பை கதைக்குது."
"எந்தக் கோப்பை?"
"மேல்தட்டு, இடப்பக்கமிருந்து மூண்டாவது."
பிறகு ஏதோ உரசியது, மதாமின் குரல்:
"அது என்ன படம்?"
"திமிங்கிலம், மதாம்."
"போய்விட்டதா?"
"இன்னும் இல்லை."
"நிறுத்துங்கள். வருகிறேன்."

மூன்றாவது கோப்பைக்கு அடியில்
கைக்குட்டை ஒன்றை மடித்து வைத்துவிட்டு
படியேறி வந்தார்.
முக்காலியாக இருந்ததைத் தொட்டுப் பார்த்தார்.
உடுப்புக் கூடையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே
படம் முடியும்வரை இருந்தார்.

ஐந்நூறையே வாங்கினேன்.
வழக்கமான நாளுக்குப் பத்து வாட்ஸ் காணும்.
திமிங்கிலம் திரும்பும்போது, ஒரு இமைப்புக்கு,
இருநூறு.
மிச்சம் முந்நூறும்
ஒருநாளும் வேலைக்குக் கூப்பிடப்படாமல்
அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் கிடக்கும்.

"வீண் காசு" என்கிறார் நிமலரூபன்.
இருக்கட்டும்.
இந்த வீட்டில் யாராவது
சும்மா இருக்கட்டும்.