இருபத்தோரு அங்குலம்

மூன்று படி.
என் வீட்டுக்காரர் சோணைமுத்து தானே சாந்து குழைத்துக் கட்டியது.
செல்லூரில் வீடு கட்டுகிறவன்
முதலில் கண்மாயை நினைக்கணும் என்பார்.
தண்ணி வந்தால் மூன்றாம் படியில் நின்று
கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகணுமாம்.

அப்போது எனக்குக் கால் இருந்தது.
கால் என்றால், சொன்னபடி கேட்கிற கால்.

சிம்மக்கல்லில் ஷேர் ஆட்டோ கவிழ்ந்த பிறகு
உள்ளே நான்,
படிக்குக் கீழே மதுரை.

வெளியே போகணும் என்றால்
முதலில் என்னைத் தூக்கி இறக்குவார், அப்புறம் நாற்காலியை.
திரும்பும்போது நாற்காலி முதலில், அப்புறம் நான்.
எது கனம் என்று ஒருநாள் கேட்டேன்.
நாற்காலிக்கு வாய் கிடையாது என்றார்.

மாநகராட்சியில் உதவித்தொகை உண்டாம்,
வாசலுக்குச் சாய்தளம், குளியலறைக்குக் கைப்பிடி.
பார்வையில்லாத ஜெயசீலன் வந்து சொன்னான்.
அவனுக்குக் கைப்பிடி வந்துவிட்டது.
குளிப்பது தென்னந்தட்டி மறைவில்;
எதில் அடிப்பது என்று தெரியாமல்
டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருக்கிறான்.

படிவத்தில் பதினாலாவது கேள்வி:
வாசலில் படிகள் எத்தனை?
3 என்று போட்டேன்.
எழுத்தால் எழுதுக என்றிருந்தது.
மூன்று.

அளக்க வந்த பொறியாளர் சின்னப் பெண்.
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அளந்தாள்.
இருபத்தோரு அங்குலம்.
அங்குலத்துக்கு ஓரடி நீளம், அதுதான் விதி அம்மா,
இருபத்தோரடி வேணும்,
சந்தே எட்டடிதானே என்றாள்.
விதிப்படி போட்டால்
எதிர்வீட்டுப் புஷ்பராணியின் அடுப்புக்குப் பக்கத்தில் போய்
நான் இறங்குவேன்.
வரட்டுமே, உப்புப் பார்க்க ஆள் வேணும் என்றாள் புஷ்பராணி
சன்னலுக்கு உள்ளிருந்து.
மூன்று பேரும் சிரித்தோம்.
கோப்பு சிரிக்கவில்லை.
'பரிசீலனையில்' என்று நெற்றியில் எழுதிக்கொண்டு போய்விட்டது.

அப்புறம் தேர்தல் வந்தது, தார் வந்தது.
பழைய ரோட்டைச் சுரண்டாமல்
அதன் மேலேயே ஊற்றினார்கள்.
சாக்கடைக்குத் தோண்டினார்கள், மூடினார்கள்,
மூடியதன் மேல் சிமெண்டு,
சிமெண்டின் மேல் பேவர் கல்.
கீழ்ப்படி ஒரு பங்குனியில் காணாமல் போனது.
நடுப்படி இரண்டு ஆடி கழித்து.
திங்கட்கிழமை மனுவில் ஒவ்வொரு தடவையும்
பதினாலாவது கேள்வியைத் திருத்தினேன்.
இரண்டு.
ஒன்று.
யாரும் எனக்காக இறங்கி வரவில்லை,
தெருதான் ஏறி ஏறி வந்தது.

ஆறாவது வருசம், கடைசிக் கல் பதித்த மறுநாள்
சக்கரத்தைத் தள்ளினேன்.
வாசலைத் தாண்டியதே தெரியவில்லை.
யாரையும் கூப்பிடாமல்
முக்குக் கடை வரைக்கும் போய்
இரண்டு டம்ளர் பருத்திப்பால் வாங்கினேன்,
ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு.
என்னுடையதை அங்கேயே குடித்தேன்.
அவருடையதையும் அங்கேயே குடித்தேன்.

அடுத்த வாரம் அதே பெண் வந்தாள்.
டேப்பை எங்கே வைப்பது என்று தேடினாள்.
படியே இல்லையே அம்மா.
கோரிக்கைக்கு அவசியம் எழவில்லை,
மனு முடித்துவைக்கப்படுகிறது.
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்,
சந்தோசமாகத்தான்.

ஐப்பசியில் கண்மாய் வந்தது.
நின்று கும்பிட அதற்குப் படி இல்லை.
நான் போன வழியிலேயே
அதே சுலபத்தோடு உள்ளே நுழைந்து,
கட்டிலுக்கடியில் சுற்றிப் பார்த்து,
ரேஷன் அரிசியைத் தொட்டு,
நாற்காலியில் பாதிச் சக்கரம் வரைக்கும்
ஏறி உட்கார்ந்தது.

வடிந்த மறுநாள் காலையில்
சோணைமுத்து செங்கலோடு நிற்கிறார்.
வாசலுக்குக் குறுக்கே ஒரு தடுப்பு,
ஏழு அங்குலம் போதுமாம்.
வேணாம் என்று நான் சொல்லவில்லை.
வேணும் என்றும் சொல்லவில்லை.
சட்டியில் சாந்து இறுகுகிறது.
கரண்டியைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்க்கிறார்.

ஏழு அங்குலத்துக்கு ஏழடி.
சந்து எட்டடி.

மிச்சம் ஓரடி.
தண்ணிக் குடத்தோடு நடக்க அது போதுமா என்று
புஷ்பராணியைக் கேட்கணும்.