இரு பிரதிகள்

ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் வேறு.
அதன் முதுகில் துளையிட்டு, பச்சை நாடா கோத்து,
அரக்கு உருக்கி முத்திரை வைக்கிறவள் நான்.
வெளியுறவு அமைச்சு, மூன்றாம் மாடி, போர்ட் லூயி.

எப்போதும் இரண்டு பிரதிகள்.
எங்கள் பிரதியில் எங்கள் பெயர் முதலில்,
அவர்கள் பிரதியில் அவர்கள் பெயர்.
பந்தியில் முதல் இலை யாருக்கு என்ற சண்டையை
உலகம் இப்படித்தான் தீர்த்து வைத்திருக்கிறது.
எங்கள் ரூபாய் நோட்டில்
எந்த எழுத்து மேலே, எந்த எழுத்து கீழே என்று
ஊரே ஒருமுறை கொதித்தது.
நோட்டுக்கு ஒரே பிரதிதான், பாவம்.

அவர்களின் ஒரு மாவட்டத்துக்குள்
எங்கள் தீவு ஏழு முறை புரண்டு படுக்கலாம்.
ஆனாலும் மேசைக்கொடிகள் ஒரே உயரம்,
அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டேன்.
சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை.
பச்சை மேலே போனால் என் வேலையும் போகும்.
எங்கள் அமைச்சர் கொஞ்சம் குள்ளம்.
அவர் நாற்காலியில் மட்டும் ஒரு மெத்தை,
மேசைவிரிப்பு மறைக்கிற அளவுக்கு.

நேற்றிரவு ஏழாம் பிரிவில் சிக்கிக்கொண்டார்கள்.
கடலில் ஒருவருக்கு ஆபத்தென்றால்
மற்றவர் உதவுவார்.
எப்போது?
'காலம் தாழ்த்தாமல்' என்றோம் நாங்கள்.
'இயன்றவரை விரைவில்' என்றார்கள் அவர்கள்.
பதினொரு மணி.
ஒரு மணி.
காப்பித்தூள் தீர்ந்தது.
வடக்கே எங்கோ ஒரு புயல் பெயர் வாங்கிக்கொண்டிருந்தது.
மதாம் சின்னத்தம்பு செருப்பைக் கழற்றிவிட்டு
வெறுங்காலோடு வாதாடினார்:
"இயன்றவரை என்பது கதவா, சன்னலா?"

எனக்கு அதற்குப் பதில் தெரியும்.
என் தம்பி ரொமேன் ரோந்துக் கப்பலில் மெக்கானிக்.
கப்பல் அந்த நட்பு நாட்டின் அன்பளிப்பு.
வாழைமரம் கட்டி, தேங்காய் உடைத்து வாங்கிக்கொண்டோம்.
ஒரு பம்புக்காகப் பதினான்கு மாதமாய்
துறைமுகத்தில் பாசி பிடித்து நிற்கிறது.
இயன்றவரை விரைவில் வருமாம்.

இரண்டேகாலுக்கு
அவர்கள் பக்கத்துக் கடைசி நாற்காலியிலிருந்து
ஒரு பெண் பேசினாள். சட்டம் படித்தவள்,
இரண்டு நாளாய் வாய் திறக்காதவள்.
"முன்பு வேறொரு தீவுக்கு
'காலம் தாழ்த்தாமல்' என்று எழுதிக் கொடுத்தோம்.
புயல் வந்தபோது ஐந்தாம் நாள்தான் போய்ச் சேர்ந்தோம்.
வரைந்தவள் நான்.
அந்தச் சொல்லை மறுபடி எழுதக் கை வரவில்லை."

அவள் மேலதிகாரி தன் பேனா மூடியையே பார்த்தார்.
ஏசி இரைச்சல் மட்டும் கேட்டது.
மதாம் சின்னத்தம்பு குனிந்து
செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

விடியுமுன் பிரிவு இப்படி ஆனது:
கேட்ட அன்றே பதில் சொல்லப்படும்;
எது வரும், எது வராது என்பது
அந்தப் பதிலில் இருக்கும்.
சின்ன வாக்கு. கையில் பிடிக்கிற அளவு.
நான் நாடாவை அவிழ்த்து
ஏழாம் பக்கத்தை மாற்றி மறுபடி கட்டினேன்.
அவசரத்தில் அரக்கு கட்டைவிரலைச் சுட்டது.
அவர்கள் பிரதியின் முத்திரை ஓரத்தில்
என் ரேகை பதிந்திருக்கிறது.
எங்கள் பிரதியில் இல்லை.
யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் உரைகள்.
நகமும் சதையும் வந்தது, எதிர்பார்த்தேன்.
ஒரே கடலின் இரு கரைகள், அதுவும் வந்தது.
கேமராக்கள். கைகுலுக்கல்.
மெத்தை அசையவில்லை.
ஏழாம் பிரிவைப் பற்றி யாரும் பேசவில்லை.
கடைசி வரிசையில் அந்தப் பெண்
கண்ணைத் திறந்தபடியே தூங்கினாள்.

மாலையில் ரொமேன் போன் செய்தான்,
பின்னால் கப்பல்துறைக் காற்று:
"என்ன கையெழுத்தானது, அக்கா?"
"கேட்ட அன்றே பதில் வரும்."
"அப்போ பம்ப்?"
"பதில் வரும் என்றேன்."

சிரித்தான்.
பிறகு சற்று நேரம் கழித்து,
"சரி, நாளைக்கே கேட்டு எழுதுகிறேன்" என்றான்.