மே வரை

சட்பரியில் தை மாதம்
மண்ணில் இரும்பே இறங்காது.
"மே வரட்டும்" என்றார்கள்.
சேமக்காலைக் கல்லறைக் கட்டடத்துள்
ஒரு தட்டில் வைத்துப் பூட்டினார்கள்
என் செலஸ்ரீனாவை.

உயிர்த்த ஞாயிறும் பனியோடுதான் வந்தது.
கல் புரட்டப்பட்டிருந்ததாம்,
சுவாமியார் வாசித்தார்.
எங்களுக்கோ
புதைக்கவே இன்னும் முறை வரவில்லை.

விசுவாசப் பிரமாணத்தில்
'சரீர உத்தானத்தை' என்ற இடத்தில்
குரல் நின்றுவிட்டது.
பக்கத்து வாங்கில் மெற்றில்டாக்கா
எனக்கும் சேர்த்துச்
சொல்லி முடித்தா.

பூசை முடிய அங்கே போனேன்.
கதவடியில் முழங்காலளவு பனி, மேலே
ஒரு காகத்தின் கால் தடம்.
காருக்குள் சவள் கிடந்தது.

ஏனென்று எனக்கே தெரியாது.
கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு,
அந்தக் கதவு
வெளிப்பக்கமாய்த் திறக்க
எவ்வளவு இடம் வேணுமோ
அவ்வளவும் வழித்தேன்.