அமரர் ஊர்தியின் ஸ்பிரிங்குகள்

இன்ஜினை இறக்கி வைத்த இரவு
கார் மூக்கை நிமிர்த்திக்கொண்டது,
முப்பத்தாறு வருடத்துச் சளி போன மாதிரி.
முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே
என் கை நுழைந்தது, கையுறையோடு.

காயானியில் நவம்பர்.
கராஜுக்குள் மைனஸ் நான்கு,
வெளியே எவ்வளவென்று கேட்காதீர்கள்.

ரீக்கா துணைமின் நிலையத்தில் வேலை பார்க்கிறவள்,
தங்கை என்றாலும் கறாராகக் கேட்டாள்:
எத்தனை கிலோவாட் மணி வேண்டும் உனக்கு?

நான் இரவுச் செவிலி. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்:
பதினொன்று பத்துக்கு லெம்பிக்கு இன்சுலின்.
அங்கிருந்து ஏரிக்கரைச் சாலையில் பதினான்கு கிலோமீட்டர்,
உர்ஹோவுக்குக் கண் சொட்டு மருந்து.
பிறகு ஹில்க்கா, காட்டுக்குள்.
இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்,
ஐந்து மணிக்கு இன்னொரு தடவை.

தரையில் சாக்பீஸால் கூட்டினாள்.
அறுபத்தெட்டு. ஹீட்டர் தனி.
ஹில்க்கா மட்டும் டவுனுக்குக் குடிவந்தால்
ஆயிரம் யூரோ மிச்சம், என்றாள்.

எல்க் மான் மோதி நொறுங்கிய மின்காரின் பேட்டரி
பாதி விலைக்கு வந்தது. நாற்பத்தெட்டு பெட்டிகள்.
மல்ட்டிமீட்டரில் நாற்பத்தேழு ஒரே குரலில் பேசின;
ஒன்று மட்டும், சுமை கொடுத்ததும், தலையைத் தொங்கப் போட்டது.
வரிசையில் கோத்துவிட்டால்
மெலிந்தவன் நடைதான் எல்லோருக்கும் நடை.
அதைக் கழற்றிவிடலாம், என்றாள் ரீக்கா.
கழற்றலாம்தான்.
அடுத்தது எது என்று ஜனவரியில் தெரியும்,
ஹில்க்கா வீட்டுக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால்.

ஆகவே புதிது. இரும்பு பாஸ்பேட்.
செங்கல் செங்கலாய் முப்பத்திரண்டு,
தீப்பிடிக்க ரொம்ப யோசிக்கும் ரகம்.
ஒரே ஒரு பிடிவாதம் அதற்கு:
உறைபனியில் கொடுக்கும்,
வாங்கிக்கொள்ளாது.
அப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும்,
வாரத்தில் ஐந்து இரவு.
அடியில் ஒரு சூட்டுப் பாய் விரித்தோம்.
முதலில் உடம்பு சூடாகட்டும், சாப்பாடு அப்புறம்.

முன்னே பத்து. பெட்ரோல் டேங்க் இருந்த குழியில் பன்னிரண்டு.
மீதி டிக்கியில்.
காப்பகத்திலிருந்து சக்கர நாற்காலி எடைமேடையைக்
கடன் வாங்கி (கேட்கவில்லை)
ஒவ்வொரு சக்கரமாக ஏற்றிப் பார்த்தோம்.
மொத்தம் பன்னிரண்டு கிலோதான் கூட.
ஆனாலும் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது,
விருந்து முடிந்தும் எழ மனமில்லாதவர் மாதிரி.
ஹெட்லைட் பைன் மர உச்சிகளைப் பார்த்தது.
ஆந்தைகளுக்குப் பிரயோஜனம்.

அஹ்தியின் கிடங்கில், பனிக்கடியில்,
இதே கம்பெனி, இதே மாடல், நீட்டிய உடம்பு, கறுப்பு:
அமரர் ஊர்தி.
பின் ஸ்பிரிங்குகள் என் மணிக்கட்டில் பாதித் தடிமன்,
ஒவ்வொன்றிலும் இரண்டு பச்சைப் புள்ளி.
இருபது வருடம், என்றார் அஹ்தி,
குலுங்குது என்று ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

அறுபது யூரோ. கூடவே
அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்ல வேண்டும்.
நூற்றெழுபத்தெட்டு.
உப்பு மீனை விடச் சொன்னேன்.
ஷாக் அப்சார்பரும் கேட்டேன்.
அதைப் புதுசா வாங்கிக்கோ, என்றார்.
ஸ்பிரிங் சுமக்கும். துள்ளலை அடக்குவது வேறு ஆள் வேலை;
அந்த ஆளுக்கு எண்ணெய் ஒழுகிப் போச்சு.

பேட்டரி ஏற்றாமல் ஓட்டிப் பார்த்தபோது
பல் ஆடியது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
ஏற்றியதும்
வண்டி ஒரு மூச்சு விட்டு அமர்ந்தது, மட்டமாக.

பிப்ரவரி. மைனஸ் இருபத்தாறு.
ரயில் தண்டவாளத்தைத் தாண்டினேன்,
காபி சிந்தவில்லை.
பட்டியலில் இப்போது இன்னொரு பெயர்:
அஹ்தி, வியாழக்கிழமைகளில், ஒன்பது கிலோமீட்டர்.
தாங்குகிறது.

ஹில்க்காதான் கோபித்துக்கொண்டாள்.
முன்பெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கமே
உன் இரைச்சல் கேட்கும்,
நான் தலையணையைச் சரிசெய்துவைப்பேன்.
இப்போது திடீரென்று கதவருகில் நிற்கிறாய், திருடி மாதிரி.

அதனால் வளைவில் திரும்பியதும்
ஹெட்லைட்டை இரண்டு தடவை அணைத்துப் போடுகிறேன்.
வெளிச்சம் இப்போது சரியாக
அவள் ஜன்னல் உயரத்தில் விழுகிறது.