நெடுக்கு வெட்டு

ஐப்பசி மழை விட்ட மூன்றாம் நாள்
டீப் மிட்விக்கெட் பக்கம்
தொலைந்த பந்தைத் தேடப்போன பையன் கத்தினான்:
"அண்ணே, இங்க ஏழு பந்து கிடக்குது!"

பெரம்பூர் ரயில்வே மைதானத்தில்
புல் வெட்டுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது,
மேகம் திரண்டால் தார்ப்பாய் இழுப்பது
என் வேலை.
போய் எண்ணினேன். ஏழுதான்.
தையல் இல்லாத, மட்டை தொடாத வெள்ளை.
ஒன்று கோலிகுண்டு, ஒன்று பன் ரொட்டி.
தோலில் ரவை ஒட்டினாற்போல் சொரசொரப்பு.
காம்பும் இல்லை, குடையும் இல்லை.
பையன் காலை ஓங்கினான்.
"மிதிச்சே, மவனே, இன்னிக்கு உனக்கு பேட்டிங் இல்ல."

வேலிக்கு அந்தப் பக்கம் மெட்ரோ குழி.
அங்கிருந்து மஞ்சள் தொப்பியோடு
மங்கள் ஓராவ் எட்டிப் பார்த்தான்.
எங்கள் இருவருக்கும் பொதுவில்
ஐம்பது தமிழ்ச் சொல், முப்பது இந்திச் சொல்.
அவன் ஊரில் முதல் இடி இடித்ததும்
சால மரத்தடியைக் கீறி
இப்படி உருண்டைகள் எடுப்பார்களாம்.
ஆட்டுக்கறி விலை விற்குமாம்.
குனிந்தான், முகர்ந்தான்,
கையை உதறிக்கொண்டு எழுந்தான்.
"அது வேற. இது தெரியாது."

தெரியாது என்றதால்தான்
அவனை நம்பத் தோன்றியது.

எங்கள் அணியின் இடக்கை சுழல் எட்வின் ஜெபராஜ்,
வாரநாளில் கல்லூரித் தாவரவியல் கூடத்தில் உதவியாளர்.
போனில் சொன்னான்:
"குறுக்கே வெட்டாத. உச்சியிலிருந்து அடிவரை
நெடுக்கே வெட்டு. ஒன்னையும் விடாத.
சந்தேகம்னா தூக்கிப் போடு.
சாப்பிடுன்னு நான் சொல்லல, பாத்துக்க."

ரோலர் ஷெட்டில் பழைய ஸ்கோர் ஷீட்டை விரித்து
வெட்டினேன்.
முதல் பந்து பன்னீர்.
கோடு, புள்ளி, ஓட்டை எதுவுமில்லாத
ஒரே வெள்ளை.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவதன் நடுவில் மஞ்சள் பூத்திருந்தது.
வயசாயிடுச்சு, போ.
நான்காவதுக்குத் தடித்த தோல்,
உள்ளே நாவல்பழக் கறுப்பு.
ஐந்தாவதை அறுத்துவிட்டுக்
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.
வெள்ளைக்குள் வெள்ளையாய், மெல்லிய கோட்டில்,
மடக்கி வைத்த குடை ஒன்று,
குட்டிக் காம்போடு.
ஸ்கேன் படத்தில் பிள்ளை தெரிவதுபோல.
இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் விரிந்திருக்கும்,
நாலு பேரைக் கொல்லுகிற அழகோடு.
வெளியே பார்த்தால் ஏழும்
ஒரு தாய் பிள்ளைகள்.

கடைசி இரண்டும் வெள்ளை. ஆக, நான்கு.
எண்ணெய் வைக்கப் போனவன் நின்றேன்.
ஆவணியில் களைக்கொல்லி அடித்தது யார்?
நான்தான்.
எங்கே?
மிட்விக்கெட் என்பது
மட்டையாளன் முனை மாறினால்
தானும் மாறிவிடுகிற இடம்.
டார்ச்சோடு திரும்பிப் போனேன்.
அந்த நான்கு குழியைச் சுற்றியும்
முழங்கால் உயரக் கோரை,
திமிராக.
அங்கே வருவதற்குள் மருந்து தீர்ந்துபோய்
மேஸ்திரியிடம் வாங்கிய திட்டு
அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தோலை உரித்து, விரல் தடிமனுக்கு நறுக்கி
வெண்ணெய், மிளகு, நாலு பல் பூண்டு.
நன்றாகச் சிவக்கும்வரை புரட்டினேன்.
ஒரே ஒரு துண்டு.
வெந்த ரொட்டிக்கும் முட்டைக்கும் நடுவில்
பெயர் வைக்காத ஒரு ருசி.
சமைக்காத பாதியைத் தாளில் சுற்றி
தேதி எழுதி வைத்தேன், டாக்டர் கேட்டால் காட்ட.
மங்களுக்கு நீட்டினேன்.
"நாளைக்கு நீ வந்தா, நான் சாப்பிடறேன்."

ராத்திரி முழுக்க
வயிற்றில் நடந்த ஒவ்வொரு சத்தத்துக்கும்
காது கொடுத்துக் கிடந்தேன்.
வியாசர்பாடி பக்கம் போன சரக்கு வண்டிகூட
என் குடலில்தான் ஓடியது.

காலை ஆறரை.
குழி வேலைக்கு இன்னும் சங்கு ஊதவில்லை.
வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
மஞ்சள் தொப்பி நின்றது.
கையில் தட்டு.

மதிய ஆட்டத்தில்
நாங்கள் எண்ணாமல் விட்ட எட்டாவதை
எவனோ ஸ்வீப் அடித்தான்.
பழுப்புப் புகை எழுந்து
ஸ்கொயர் லெக் வரை மிதந்தது.
அம்பயர் மூக்கைப் பொத்திக்கொண்டு
ரொம்ப யோசித்து
டெட் பால் கொடுத்தார்.