கோட்டை பார்க்கப் போனோம்

"வரவேண்டாம்" எண்டிட்டாள் பெனி.
"நீங்கள் நிண்டா எனக்குக் கை நடுங்கும்.
ஒரு பந்து மூண்டாத் தெரியும்."
சரியென்றோம்.
அன்றிரவே அலோசியஸ்
மின்சார பில்லின் பின்பக்கத்தில்
யாழ்ப்பாணத்தைக் கீறத் தொடங்கினார்.

சனி விடிய ஐந்தரைக்கு மன்னாரில் பஸ்.
வெள்ளாங்குளம். பூநகரி.
சங்குப்பிட்டிப் பாலத்தில் டெரன்ஸ் சத்தியெடுப்பான்,
அதற்கு இரண்டு பை.
ஒன்பதுக்கு கோட்டை.
நூலகம், வெளியில் நின்று பார்க்கக் காசில்லை.
கஸ்தூரியார் வீதியில்
எனது ஒற்றைத் தோட்டுக்குச் சுரை.
இரவுக்கு அரியாலை,
அவரோடு வாடியில் நின்ற சவிரியின் மச்சாள் வீடு:
பாய் அவர்களுடையது, தலையணை எங்களுடையது.
ஞாயிறு பெரியகோயிலில் பூசை,
நல்லூரில் ஐஸ்கிறீம்,
இரண்டு கிலோ முந்திரிகைப்பழம், திரும்ப பஸ்.

சனி பின்னேரம் மூன்றிலிருந்து ஐந்து வரை
ஒன்றும் எழுதாமல் ஒரு வெள்ளை.

"இதில என்ன?"
"சும்மா நடக்கிறது."
நடக்கிற தூரமும் தெரிந்திருந்தது மனுசனுக்கு.
கோட்டை வாசலிலிருந்து மைதானத்தின் பின்கேற்றுக்கு
டெரன்ஸைத் தூக்கினால் ஏழு நிமிடம்,
நடத்தினால் பதினைந்து.

நாவற்குழியில் ரயர் போனது.
கோட்டையைப் பஸ்ஸுக்குள் இருந்தே பார்த்தோம்.
சுரை கிடைக்கவில்லை.
புரியாணியில் பாதியைப் பையில் கட்டினோம்.
மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க
ஊர்க் கல்லூரிப் பெண்களின் ஆட்கள் நடுவில்,
அவர்களின் பாண்ட் வாத்தியத்துக்குக் கீழே,
எங்களுடைய பிள்ளைக்குத் தெரியாத இடமென்று நினைத்து,
எனது மஞ்சள் குடைக்குள் மூன்று தலை.
யாரோ ஒரு பெடியன் டெரன்ஸின் கையில்
எதிர்ப்பக்கத்துக் கொடியைக் கொடுத்துவிட்டுப் போனான்.
அவன் அதை ஆசையாய் ஆட்டினான்.

முதல் பாதி முழுக்க பெனி வாங்கில்.
சப்பாத்து நூலைக் கட்டுகிறாள்,
அவிழ்க்கிறாள்,
கட்டுகிறாள்.
இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று கேட்க வாயெடுத்தேன்.
அலோசியஸின் கால்
அவளுடைய நூலோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.
கேட்கவில்லை.

இரண்டாம் பாதியில் மற்றப் பிள்ளைக்கு விரல் வீங்கியது.
பெரிய கையுறை, பெரிய சேட்,
கம்பங்களுக்கு நடுவில் எங்களுடைய பிள்ளை
காயப்போட்ட உடுப்பு மாதிரி.

நாலாவது நிமிடம் கோல்.
எங்களைச் சுற்றி எல்லாம் எழும்பியது.
வெற்றிலை வாயோடு ஒரு ஆள்
அலோசியஸைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினார்.
இவரும் சிரித்தார்.
கலியாணப் படத்திலும்
இவர் இப்படித்தான் நிற்கிறார்.

பிறகு பெனால்ரி.
பாண்ட் நின்றது.
டெரன்ஸின் வாயை நான் பொத்தினேன்.
எனது வாயைக் குடைப்பிடி.
அவள் வலப்பக்கம் விழுந்தாள்,
பந்து அவளுக்கு மேலால் வந்து
முழங்கையிலோ தோளிலோ எங்கேயோ பட்டு
வெளியே போனது.
எல்லாரும் ஐயோ என்றார்கள்.
அலோசியஸும் ஐயோ என்றார்.
இவருடைய ஐயோவில் மட்டும் பல் தெரிந்தது.
வெற்றிலை ஆள் திரும்பி
இரண்டு தரம் பார்த்தார்.

ஒன்றுக்குப் பூச்சியம். தோல்வி.

பொய் பொய்யாகிவிடக் கூடாதென்று
கோட்டைக்கு ஓடினோம். பூட்டியாயிற்று.
அகழி ஓரம் நிற்கையில் மிஸ்ஸின் போனிலிருந்து பெனி.
"எங்க நிக்கிறியள்?"
"கோட்டையடியில."
"வடிவோ?"
"வடிவு."
கொஞ்ச நேரம் பஸ் இரைச்சல், பிள்ளைகளின் சத்தம்.
"அம்மா,
அடுத்த முறை அந்த மஞ்சள் குடையை விட்டிட்டு வாங்கோ."

"என்னவாம்?" என்றார்.
"அடுத்த முறையாம்."
அலோசியஸ் பொக்கற்றிலிருந்து பில்லை எடுத்து
வெள்ளை இடத்தைத் தேடினார்.
அதில் எப்போதோ புரியாணி எண்ணெய்.
மற்றப் பக்கம் திருப்பினார்.
காசு கட்டக் கடைசித் திகதி
நேற்று.