ஒதுங்கி நிற்றல்

இண்டியானாவில், சோளவயல்களுக்கு நடுவே,
எங்கள் கூட்ட வீட்டுக் கூரையில்
மூன்றாம் வரிசை பெஞ்சுக்கு நேர் மேலே
ஓர் ஓட்டை.
கீழே தகர வாளி.
மௌனத்தில் உட்கார்ந்திருக்கும் பதினேழு பேருக்கும்
அதுதான் கடிகாரம்.

ஊரார் எங்களைக் குவேக்கர் என்பார்கள்,
நாங்கள் நண்பர்கள் என்போம்.
பாதிரி இல்லை, பாட்டில்லை.
உள்ளே ஏதாவது அசைந்தால் எழுந்து பேசலாம்.
அசையாவிட்டால் ஒரு மணி நேரம்
வாளி மட்டும் பேசும்.

நான் குறிப்பெழுதுபவள்.
மார்ச் மாத அலுவல் கூட்டம்:
கூரை நிதியில் நாலாயிரத்து முந்நூறு டாலர்.
மாவட்டச் சிறையில் எலிசியோ என்றொருவன்,
பின்விளக்கு எரியாத வண்டியில் பிடிபட்டவன்,
ஜாமீன் நாலாயிரம்.
ஐடெல்லா இரண்டு எண்களையும் படித்துவிட்டுக்
கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.
அவள் தலைவி அல்ல;
கூட்டம் என்ன நினைக்கிறதென்று
காது கொடுப்பது அவள் வேலை.
கை தூக்கி எண்ணும் வழக்கமில்லை எங்களுக்கு.
ஒரு மனம் முரண்டினாலும் காத்திருப்போம்,
அடுத்த அறையில் சூப் ஆறிப்போனாலும்.

தர்லோ எழுந்தார். நாற்பது வருடம்
ஊர்க் கூரைகளில் ஆணி அடித்தவர்.
"பையன் ஓடிவிடுவான்.
பணமும் போகும், உத்தரமும் உளுத்துப்போகும்.
எனக்கு இதில் இசைவில்லை."
உட்கார்ந்தார்.
சொட்டு.
சொட்டு.
பிறகு, உட்கார்ந்தபடியே:
"வழிமறிக்க மாட்டேன். ஒதுங்கி நிற்கிறேன்."
அதைப் பெயரோடு ஏட்டில் ஏற்றினேன்.

பனிச்சேற்றில் ஓடும் வண்டி
அவரிடம்தான் இருந்தது.
சிறையின் பின்கதவில் ஆறரை மணி நேரம்
மழைக்கு ஒதுங்கி நின்றவரும் அவரே.
வெளியே வந்தவனிடம் பேசச் சொல் அகப்படாமல்
தன் ஈரக் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்தாராம்.
இதற்கெல்லாம் ஏட்டில் இடமில்லை.

ஏழு வாரம் கழித்து
எலிசியோ வழக்குக்கு வரவில்லை.
அவன் அண்ணன் வீட்டில் விளக்கில்லை,
வாசலில் கட்டாத நாய்.
ஓடினானோ, யாராவது கொண்டுபோனார்களோ,
ஏதோ கோழிப்பண்ணையில் ராத்திரி வேலை செய்கிறானோ.
தெரியாது. இன்றுவரை தெரியாது.
நாலாயிரமும் கஜானாவில் கரைந்தது.
எந்தச் சாலைக்கோ தார் ஆகியிருக்கும்.

ஜூன் கூட்டம்.
புதன்தோறும் நீதிமன்ற முனையில்
போர் வேண்டாம் என்ற பலகையோடு நிற்கும் வெண்டல்,
லாரியிலிருந்து யாரோ வீசிய சோடாவின் கறை
சட்டையில் இன்னும் போகாத வெண்டல்,
எழுந்து நின்று சொன்னான்:
"இருபது வருடமாய் அமைதியைத் தூக்கிப் பிடிக்கிறேன்.
தோள் வலித்ததைத் தவிர செலவே இல்லை.
இப்போதுதான் முதல்முறை விலை கேட்டிருக்கிறது."

ஐடெல்லா இன்னொரு பெயரைப் படித்தாள்.
மார்லெனி. இரண்டு பிள்ளைகள். இரண்டாயிரத்து ஐந்நூறு.
நிதியில் மிச்சம் முந்நூறும்
ஆப்பிள் பை விற்ற நாற்பத்தொன்றும்.

யாரும் தர்லோவைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருப்பது அறை முழுக்கத் தெரிந்தது.
அன்றே சொன்னேனே என்ற வாக்கியம்
அவர் பல் வரைக்கும் வந்திருக்க வேண்டும்.
தாடை ஒருமுறை அசைந்தது.

எழுந்தார்.
ததும்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு
வெளியே போனார்.
வேலியோரம் ஊற்றும் சத்தம்.
அவர் இல்லாத அந்தச் சற்று நேரம்
சொட்டுகள் வெறும் பலகையில் விழுந்தன,
வேறு சுருதியில்,
யாரோ கதவைத் தட்டுவது போல.
நான் பேனாவை எடுத்தேன். வைத்தேன்.

திரும்பி வந்து வாளியை வைத்தார்,
பழைய இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி.
ஓட்டை நகர்ந்திருந்தது, அல்லது பெருத்திருந்தது.
அண்ணாந்து பார்த்தார்,
தொழில் தெரிந்தவன் பார்க்கும் பார்வை.
"இன்னொரு குளிர்காலம் தாங்கும்" என்றார்.
பெஞ்சில் தொப்பியைத் தேடி எடுத்து
அதற்குள் இருபது டாலர் போட்டு
பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார்.

இதை இசைவென்று எழுதுவதா
ஒதுங்கலென்று எழுதுவதா என்று
ஐடெல்லாவைப் பார்த்தேன்.
அவள் மடியில்
கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.